கணையத்தின் இறந்த திசுவை அகற்றுதல்: அறுவைக் கத்தியிலிருந்து எண்டோஸ்கோப் வரை

முன்னுரை

கணைய அழற்சி முற்றும்போது கணையத்தின் ஒரு பகுதியும் அதைச் சுற்றியுள்ள கொழுப்பும் இறந்துபோவதுண்டு. பித்தப்பைக் கல்லும் மதுவும் இந்நோயின் முதன்மைக் காரணங்கள். இறந்த திசுவில் கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. அத்திசுவை வெளியேற்றும் முறை வளர்ந்த வரலாற்றையும் அதில் கொல்கத்தாவின் பங்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முறை மாறிய வரலாறு

முன்பெல்லாம் வயிற்றைத் திறந்து திசுவை அகற்றினர். நோய் தொடங்கிய சில நாள்களில் இறந்த திசு உயிருள்ள திசுவோடு ஒட்டியே இருக்கும். கை வைத்தால் இரத்தம் பெருகும். ஏறத்தாழ 4 வாரங்களில் அதைச் சுற்றி ஒரு சுவர் உருவாகிறது. அந்தச் சுவரே பிற்கால முறைகளுக்கு வழிவிட்டது.

1996-இல் பாரன் குழுவினர் இரைப்பைச் சுவர் வழியே குழாய் செருகி வடித்தனர். 2000-இல் சைஃபர்ட் குழுவினர் சுவர் சூழ்ந்த குழிக்குள் எண்டோஸ்கோப்பையே செலுத்தினர். 2010-இல் நெதர்லாந்தில் 88 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு திருப்புமுனையானது. திறந்த அறுவையில் பெருஞ்சிக்கலோ இறப்போ 69 விழுக்காடு. முதலில் வடித்து, தேவைப்பட்டால் மட்டும் திசுவை அகற்றும் படிநிலை முறையில் 40 விழுக்காடு. இம்முறையில் வடித்ததாலேயே குணமானவர்கள் 35 விழுக்காட்டினர்.

கொல்கத்தாவின் பங்கு

இறந்த திசு இரைப்பையை ஒட்டியே இருக்கும் என்பதில்லை. விலாப்புறமாகக் கீழே இறங்கியும் பரவும். அத்தகைய நோயாளிகளுக்குத் தோல்வழிக் குழாயின் தடத்தை விரித்து, அதனூடே எண்டோஸ்கோப்பைச் செலுத்தும் முறையை 2000-இல் கிளாஸ்கோவின் கார்ட்டர் குழு விவரித்தது. கொல்கத்தா அப்போலோ கிளெனீகிள்ஸ் மருத்துவமனையின் மகேஷ் கோயங்கா குழுவினர் இம்முறையில் தாம் பெற்ற அனுபவத்தை 2018-இல் வெளியிட்டனர்.

ஆபத்துகள்

இரைப்பை வழியே செல்லும்போது குழிக்குள் மருத்துவர் காண்பது பழுப்பு நிறத்தில் தொங்கும் திசு. குடல் பாலிப் அகற்றும் கம்பி வளையத்தால் அதைச் சுருக்கிட்டு, துண்டு துண்டாக இழுத்து இரைப்பையில் விட்டுவிட்டு மறுபடி உள்ளே செல்கிறார். ஒரே அமர்வில் முடிவது அரிது. மண்ணீரல் தமனி அருகிலேயே ஓடுவதால் இரத்தக்கசிவே பெரிய அச்சம். குழி கிழியவும் கூடும். காற்று இரத்தக் குழாயில் புகலாம் என்பதால் அதற்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடையே செலுத்துகின்றனர். வடிப்பதற்கு உலோக ஸ்டென்ட் வைத்தால், குழி சுருங்கியபின் அதன் நுனி நாளங்களை உரசும்; எனவே 3 வாரத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்து, குழி மறைந்திருந்தால் ஸ்டென்ட்டை எடுத்துவிடுவது நல்லது. ஜெர்மனியில் 93 நோயாளிகளை ஆராய்ந்த 2009-ஆம் ஆண்டு அறிக்கையில் சிக்கல் 26 விழுக்காடு. 30 நாள்களுக்குள் இறப்பு 7.5 விழுக்காடு.

முடிவுரை

2021-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், கிருமி புகுந்த பிறகும் சுவர் உருவாகும்வரை வடிப்பைத் தள்ளிவைத்தவர்களில் 39 விழுக்காட்டினர் ஆன்டிபயாட்டிக் மருந்தாலேயே தேறினர். கொல்கத்தாவின் டாலிகஞ்சில் உள்ள எம். ஆர். பாங்கூர் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஏழை நோயாளி முதலில் வந்து சேரும் வாசல் அவைதான். சிரைவழித் திரவம், குழாய்வழி உணவு, ஆன்டிபயாட்டிக், இடைவிடாத கண்காணிப்பு ஆகியவற்றைக் குறைவின்றித் தருவதும், உரிய வேளையில் மேல்சிகிச்சைக்கு அனுப்புவதும் எண்டோஸ்கோப்புக்கு இணையான சிகிச்சையே. டாலிகஞ்சிலிருந்து, மேல்சிகிச்சை தரும் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனைக்கு அருகிலுள்ள ரவீந்திர சதன் மெட்ரோவில் ஐந்தாவது நிலையம்தான். அந்தத் தூரத்தை நோயாளி எந்த வாரத்தில் கடக்கிறார் என்பதும் அவரது சிகிச்சையில் முக்கியமானது.