குன்னூர் ஆய்வகமும் தவிட்டு அரிசியும்: முழுத்தானியம், இயற்கை விளைச்சல் குறித்த ஒரு மறுவாசிப்பு

இயற்கை முறையில் விளைந்த முழு உணவு உடலுக்கு நல்லது என்ற கூற்றில் இரண்டு கருத்துகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. பயிர் எவ்வாறு விளைந்தது என்பது ஒன்று. விளைந்த தானியத்தில் எவ்வளவு நம் வாய்க்கு வந்து சேர்கிறது என்பது மற்றொன்று. இவற்றைத் தனித்தனியே நிறுத்துப் பார்த்தால் இரண்டாவதற்கே சான்றுகள் வலுவானவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

இவ்விரு கருத்துகளும் நம் குன்னூரில்தான் ஒருசேரச் சோதனைக்கு வந்தன. அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வகமாகி, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே. இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவுகளை மெக்காரிசன் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய பஞ்சாப் உணவை உண்டவை செழித்தன; தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை பின்தங்கின. தொழுவுரமிட்டு விளைந்த தானியம் இரசாயன உரமிட்டதைவிடச் சத்துமிக்கது என்றும் 1926இல் அவர் எழுதினார். வேளாண் அறிவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்டும், 1943இல் ‘உயிருள்ள மண்’ நூலை எழுதிய ஈவ் பால்ஃபரும் இவ்விரு முடிவுகளையும் ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டனர். மேலை நாட்டு இயற்கை வேளாண் இயக்கம் இவர்கள் வழியே வளர்ந்தது.

முழுத்தானியம் பற்றிய முதல் முடிவு காலத்தை வென்று நிற்கிறது. நெல்லின் தயமின் சத்து பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ளது. தீட்டும்போது அது போய்விடுகிறது. பச்சரிசியைத் தீட்டி உண்ட வட சர்க்கார் (இன்றைய ஆந்திரக் கடலோர) மாவட்டங்களில், அச்சத்துக் குறைவால் வரும் பெரிபெரி வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகள் பெரிதும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கையில் அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதே காரணம். நம் பாட்டிமார் புழுக்கிய நெல் பல தலைமுறைகளைக் காத்திருக்கிறது என்பதைப் பெருமையோடு சொல்லலாம். இன்று பெரிபெரியின் இடத்தை நீரிழிவு பிடித்துக்கொண்டது. நாள்தோறும் 50 கிராம் வெள்ளரிசிக்குப் பதில் தீட்டாத அரிசி உண்பதோடு இரண்டாம் வகை நீரிழிவு வாய்ப்பு 16 விழுக்காடு குறைவது தொடர்புற்றிருப்பதாக 2010இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணித்தனர். சென்னையில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், தீட்டாத அரிசி உண்டவர்களின் ஒருநாள் இரத்தச் சர்க்கரை ஏற்றம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் நம் மக்களிடம், நம் அரிசியைக் கொண்டு செய்தது என்பதால் மதிக்கிறேன்.

தொழுவுரம் பற்றிய இரண்டாம் முடிவு அப்படி நிலைக்கவில்லை. 2009இல் இலண்டன் ஆய்வாளர்களும் 2012இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. ஆனால் 2014இல் பிரிட்டனிலிருந்து வந்த பெருந்தொகுப்பு, இயற்கை விளைபொருளில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் மிகுதி என்றும் காட்மியமும் பூச்சிக்கொல்லி எச்சமும் குறைவு என்றும் கண்டது. புற்றுநோயைப் பொறுத்தவரை, இயற்கை உணவை மிகுதியாக உண்டோரிடம் அது குறைவு என்றது 2018ஆம் ஆண்டுப் பிரெஞ்சு ஆய்வு. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டன் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒட்டுமொத்தத்தில் அவ்வாறு காணவில்லை. விலை கொடுத்து இயற்கை உணவு வாங்குவோர் புகை, எடை, உடற்பயிற்சி ஆகியவற்றிலும் பிறரிடமிருந்து வேறுபடுவர். இவற்றின் தாக்கத்தை முற்றிலும் பிரித்தெடுப்பது கடினம்.

அப்படியானால் விளைவிக்கும் முறை பொருளற்றதா? இல்லை, எச்சம் குறைவதே அதன் உறுதியான நன்மை. பூச்சிக்கொல்லி எச்சங்கள் பல தானியத்தின் புறத்தோலில்தான் தங்குகின்றன. வெள்ளரிசி உண்பவருக்குத் தீட்டும்போதே அதில் ஒரு பகுதி கழிந்துவிடும். தவிட்டோடு உண்பவருக்கு வயலில் என்ன தெளித்தார்கள் என்பது நேரடிக் கேள்வியாகிறது. ஆகவே முழுத்தானியத்தை நாடுவோருக்கே இயற்கை விளைச்சல் கூடுதல் பொருள் உடையது. தவிட்டில் சேரும் ஆர்சனிக் மட்டும் விதிவிலக்கு: அது மண்ணிலிருந்தும் நிலத்தடி நீரிலிருந்தும் வருவதால் இயற்கை முத்திரை அதைத் தடுக்காது.

கடைகளில் இயற்கை முத்திரையோடு பளபளக்கும் தீட்டிய அரிசி இரட்டை விலைக்கு விற்கிறது. குறைந்த வருவாயுள்ள குடும்பம் அதற்குச் செலவிடும் பணத்தில், சாதாரணமாக விளைந்த கம்பும் கேழ்வரகும் பயறும் கீரையும் வாங்கினால் உடலுக்கு உறுதியான பயன் கிடைக்கும். பொது விநியோகக் கடைகளிலும் பள்ளிச் சத்துணவிலும் தீட்டல் குறைந்த அரிசியும் சிறுதானியமும் இடம்பெற வேண்டும் என்பதே அரசிடம் நாம் முதலில் வைக்க வேண்டிய கோரிக்கை.