ஈழத்துப் பெண் எழுத்தாளர்களும் எழுதாத ஆண்டுகளும்

ஈழத்துத் தமிழ்ப் பெண்களின் புனைகதை வரலாற்றைச் சொல்ல முற்படுவோர் 1914 இலிருந்து தொடங்குவது வழக்கம். மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' அந்த ஆண்டில் வெளிவந்தது. ஈழத்துப் பெண்ணொருவர் எழுதிய முதல் தமிழ் நாவல் அதுவே. அவரது அடுத்த நாவல் 'அரியமலர்' 1926 இல் வந்தது. நாவல்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் பரீட்சைக்காகப் பாடமாக்கிய நாம், இடையிலே கிடக்கும் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றிக் கேட்டதில்லை.

பிற்காலத்தவர்களிடமும் இத்தகைய இடைவெளிகள் உண்டு. தொண்டைமானாற்றைச் சேர்ந்த குந்தவை 1960களில் எழுதத் தொடங்கியவர். அவரது முதல் சிறுகதைத் தொகுதியான 'யோகம் இருக்கிறது' வெளிவந்தது 2002 இலேதான். இடைப்பட்ட காலத்தில் அவர் ஆசிரியை. குறமகள், திருகோணமலை ந. பாலேஸ்வரி, தெல்லிப்பழை கோகிலா மகேந்திரன் என்று எண்ணிப் பார்த்தால் எழுதிய பெண்களிற் பலர் ஆசிரியைகளாகவே இருந்திருக்கிறார்கள். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆசிரியைக்குச் சொந்தச் சம்பளம் இருந்தது. பாடசாலை நூலகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மேசையில் குனிந்திருந்து எழுதினாலும், கொப்பி திருத்துகிறாள் என்று வீட்டார் விட்டுவிடுவார்கள்!

தாமரைச்செல்விக்கு அந்த வசதியும் இல்லை. பரந்தன் குமரபுரத்தின் வயல் வாழ்விலிருந்து எழுதியவர் அவர். கிளிநொச்சிக் குடியேற்றவாசிகளின் கதையான 'பச்சை வயல் கனவு', விதைப்பும் அரிவு வெட்டும் அறிந்த ஒருவரால் மட்டுமே எழுதக்கூடியது.

எழுதியதை எங்கே அனுப்புவது? 1966 இல் டொமினிக் ஜீவா 'மல்லிகை'யைத் தொடங்கினார். முடிதிருத்தும் தொழிலோடு எழுதி வந்த அவருக்கு, வேலைக்கு நடுவே எழுதுபவர்களின் நிலையை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வானொலியும் இருந்தது. 'இசையும் கதையும்' நிகழ்ச்சிக்குப் பிரதியைத் தபாலிற் சேர்த்தாற் போதும். பெண் வீட்டைவிட்டுப் போகவேண்டியதில்லை. ஆனால் ஒலிபரப்பானது காற்றோடு போயிற்று. 1986 இல் யாழ்ப்பாணத்தில் வெளியான 'சொல்லாத சேதிகள்' பத்துப் பெண்களின் கவிதைகளைச் சேர்த்துத் தந்தது. தொகுதியாக வந்தபடியாற்றான் இன்றும் அவற்றைப் பேசுகிறோம்.

தொகுதியாக வராதவற்றின் கதி வேறு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது பழைய சஞ்சிகைகளும் சேர்ந்து எரிந்தன. பொருளாதாரத் தடைக்காலத்தில் பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. மண்ணெண்ணெய் மிச்சம்பிடிக்க ஜாம் போத்தல் விளக்கில் எழுதிய கதைகள் அப்படித்தான் வெளிவந்தன. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்கள் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் அரிசியையும் எடுத்தார்கள். கவிதைக் கொப்பியை எடுத்தவர்கள் எத்தனை பேர்? திரும்பிப் போனபோது பல வீடுகளிற் கூரையே இல்லை. ஆகவே, ஒருத்தி இத்தனை ஆண்டுகள் எழுதவில்லை என்று சொல்வதற்கு முன், எழுதியது அழிந்ததா என்று கேட்கவேண்டியிருக்கிறது.

இன்னொரு சிக்கல் பெயர். கல்லூரிச் சஞ்சிகையில் தந்தையின் பெயரோடும் வகுப்போடும் அச்சான மாணவி, மணமான பின் கணவன் பெயரோடு எழுதுகிறாள், அல்லது புனைபெயருக்குள் மறைகிறாள். மூன்று பெயரும் ஒருத்தியே என்பது அவளோடு படித்தவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்களும் இன்று கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலுமாகச் சிதறியிருக்கிறார்கள்.

2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து வெளியீடுகளை எண்ணிமப்படுத்தி வருகிறது. எமது கல்லூரிச் சஞ்சிகைகளிற் பல இதழ்கள் கல்லூரியிலேயே இல்லை. பழைய மாணவிகளிடம் இருக்குமாயின், அட்டை கிழிந்ததாயினும், சங்கத்திடம் ஒருமுறை தாருங்கள். பிரதி எடுத்தபின் திருப்பித் தருவோம். உள்ளே எழுதியிருப்பவர்களில் உங்கள் வகுப்புத் தோழி எவரேனும் இருந்தால், அவர் பின்னர் எந்தப் பெயரில் எழுதினார் என்பதையும் ஒரு துண்டிற் குறித்து வையுங்கள்.