பக்கத்து வீட்டுக்காரர் அவர்தானா?

சனிக்கிழமை ராத்திரி தூக்கம் வராம ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம் பார்த்தேன். டான் சீகல் இயக்கி 1956-ல் வந்த 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்'. பேய் கிடையாது, ரத்தம் கிடையாது. ஆனா லைட்டை அணைக்காமதான் படுத்தேன் :-)

சான்டா மிரான்னு கலிஃபோர்னியாவில் ஒரு கற்பனை ஊர். 'இவர் என் மாமா இல்லை, மாமா மாதிரி இருக்கிற வேற யாரோ'ன்னு ஒரு பெண் சொல்கிறாள். ஒரு பையன் அம்மாவைப் பார்த்து அலறுகிறான். மனநல மருத்துவர், 'இது ஊர் முழுக்கப் பரவுற மனப்பிரமை'ன்னு முடித்துவிடுகிறார். உண்மையில் பெரிய பெரிய விதை நெற்றுகளிலிருந்து மனிதர்களின் நகல்கள் முளைக்கின்றன. நீங்கள் தூங்கினால் போதும், உங்கள் இடத்துக்கு நகல் வந்துவிடும். முகம் அதே, ஞாபகம் அதே, உணர்ச்சி மட்டும் இல்லை.

இந்த நகல்கள் யார்? அங்கேதான் வரலாறு வருகிறது. 1950 பிப்ரவரியில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, வெளியுறவுத் துறையில் இருக்கிற கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன்னிடம் இருப்பதாக முழங்கினார். எண்ணிக்கை மட்டும் அப்பப்போ மாறியது! 1954 டிசம்பரில் செனட் 67-22 என்ற வாக்குகளில் அவரைக் கண்டித்தது.

ஹாலிவுட்டை விசாரித்தது அவர் இல்லை (பலரும் குழப்பிக்கிற இடம் இது). அது பிரதிநிதிகள் சபையின் தனிக் கமிட்டி. 1947-ல் பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் பின்னர் ஜெயிலுக்குப் போனார்கள். பெயர்களைச் சொன்னவர்கள் வேலையில் நீடிக்க முடிந்தது. 1952-ல் இயக்குநர் எலியா கஸான் எட்டுப் பழைய தோழர்களின் பெயரைச் சொன்னார். 1999-ல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோதும் அரங்கில் சிலர் கைதட்டவில்லை.

ஆக, நகல்கள் கம்யூனிஸ்டுகளா, கம்யூனிஸ்டு வேட்டைக்கு ஆமாம் போட்ட கூட்டமா? ரெண்டு பக்கமும் வாதாடுகிறார்கள். ஹீரோவாக நடித்தவர் பெயரும் மெக்கார்த்தி, கெவின் மெக்கார்த்தி! சும்மா பெயர்ப் பொருத்தம்தான். ஹீரோ நெடுஞ்சாலையில் கத்திக்கொண்டே நிற்பதோடு படத்தை முடிக்கணும் என்பதுதான் சீகல் விருப்பம். ஸ்டூடியோ விடவில்லை. முன்னும் பின்னும் ஆஸ்பத்திரிக் காட்சி சேர்த்து, எஃப்.பி.ஐ.க்கு போன் போட்டு முடித்தார்கள். சந்தேகத்தைப் பற்றின படத்தை உளவுத்துறை கையில் கொடுத்த புண்ணியவான்கள்!

இதையெல்லாம் படித்துவிட்டு ஏன் தூக்கம் வரவில்லைன்னு சொல்லிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸில் ஆட்குறைப்பு வதந்தி. யாரும் யாரோடயும் மனசு விட்டுப் பேசுறதில்லை. ஒருநாள் மேனேஜர் காபிக்குக் கூப்பிட்டு, 'உங்க டீம்ல யாரு வெளிய வேலை தேடறாங்க?'ன்னு சாதாரணமா கேட்டார். நான் ஒரு பெயரைச் சொன்னேன். என் ரூம்மேட். அடுத்த மாசம் அவன் பட்டியலில் இருந்தான். நான் சொன்னதாலயா, தெரியாது. அவன் இன்னமும் போன் பண்ணி 'மச்சான்'ங்கறான்.

படத்தில் தூங்கினவர்கள்தான் மாறிப்போகிறார்கள். நான் நல்லா முழிச்சிட்டுதான் இருந்தேன்.