கஞ்சாவை எலி தின்னா கேஸ் என்ன ஆகும்? பறிமுதல் பொருளும் சட்டமும்

2020-ல் சென்னை மெரினா போலீசார் 22 கிலோ கஞ்சாவுடன் இருவரை கைது செய்தனர். 2023-ல் இருவரும் விடுதலை! பறிமுதல் செய்த கஞ்சாவில் பெரும்பகுதியை எலி தின்னுடுச்சு என்றது போலீஸ் தரப்பு. பொருள் இல்லாததால் குற்றச்சாட்டும் நிற்கவில்லை.

இத்தனைக்கும் சட்டத்தில் வழி இருக்கு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 52ஏ பிரிவுப்படி, மாஜிஸ்திரேட் சான்றளித்த பட்டியல், போட்டோ, மாதிரி இருந்தால் அதுவே முதன்மைச் சாட்சியம். மீதியை வழக்கு முடியும் முன்பே அழித்துவிடலாம். தாமதமின்றி மாஜிஸ்திரேட்டிடம் போகணும், இரட்டைப் பூட்டு கொண்ட தனிக் கிடங்கு வேணும் என்று 2016-லேயே மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

மற்ற பொருட்களுக்கு, 2024 ஜூலை 1-ல் அமலான பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 497-வது பிரிவு இருக்கு. பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல், போட்டோ அல்லது வீடியோ. அடுத்த 30 நாளில் அதை என்ன செய்வது என்ற உத்தரவு. ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிச்சு நிற்கும் பைக்குகளுக்கும் இது பொருந்தும். திருடுபோய் மீட்கப்பட்ட உங்க வண்டி அங்கே நின்றால், கோர்ட்டில் மனு போட்டு இடைக்காலமாகக் கேட்கலாம்.