பனியும் ஹதியாவும்

1876-78 பெரும்பஞ்சத்திற்குப் பின், பருவமழையை முன்னறியும் பொறுப்பு வானிலைத் துறைத் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டிடம் வந்தது. இமயத்தில் பனி மிகுந்தால் மழை குறையும் என்னும் தொடர்பை அவர் 1882 முதல் சோதித்தார். 1886 ஜூன் 4 அன்று முறையான முதல் கணிப்பு வெளியாயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டுதான், மற்றோர் அரசு அலுவலரான கிரியர்சன் பீகார் உழவர் வாழ்க்கை குறித்த தம் நூலை வெளியிட்டிருந்தார். காக், பட்டரி ஆகியோர் பெயரால் வழங்கும் மழைச் சொலவடைகள் அதில் உள்ளன. அவை மழையை அளவால் அன்றி நட்சத்திரத்தால் பேசுபவை. சூரியன் ஆதிரையில் நிற்கும் ஜூன் இறுதி மழை நாற்றுக்கு. அத்தத்தில், அதாவது ஹதியாவில், நிற்கும் செப்டம்பர் இறுதி மழை கதிருக்கு. பருவத்தின் மொத்த மழை நிறைவாயிருந்தும் ஹதியா பொய்த்தால் நெல் பதராகும். இந்த நாட்கணக்கு பிளான்ஃபோர்டின் கணிப்பில் இடம்பெறவில்லை.

2002இல் துறை கணித்தது சராசரியில் 101 விழுக்காடு, பெய்தது 81. ஜூலை மழை மட்டும் ஏறத்தாழப் பாதியாயிற்று. சொலவடைகளும் பொய்த்ததுண்டு, ஆயின் அவற்றின் பிழைகளுக்குப் பதிவேடு இல்லை. சௌராஷ்டிரத்தின் ஜூனாகத்தில் 1990களில் வேளாண் ஆய்வாளர்கள் அதைத் தொடங்கினர். பட்லி வாக்கியங்களைத் (பட்டரியின் குஜராத்தி வடிவமே இப்பெயர் எனத் தோன்றுகிறது) தொகுத்து, கொன்றைப் பூப்பின் உச்சத்திற்கும் மழைத் தொடக்கத்திற்கும் இடைப்பட்ட நாட்களை உழவர்களுடன் சேர்ந்து எண்ணிப் பதிந்தனர்.