கேம் உருவாக்க வரையத் தெரியணுமா? மரம் முதல் மியூசிக் வரை விற்கும் 'அசெட்' சந்தை... இலவசம்னு எடுத்தா சிக்கல் வருமா? முழு விவரம்

செல்போனில் விளையாடும் ஒரு சின்ன கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற ஹீரோ, பின்னால் நகரும் மலை, காசு எடுத்தால் கேட்கும் 'டிங்' சத்தம், தோற்றுப்போனால் வரும் சோக இசை... இத்தனையையும் கேம் உருவாக்கியவரே உட்கார்ந்து செய்திருப்பார் என்றுதான் நினைப்போம். பல நேரங்களில் அப்படி இல்லை. மலை ஒருவரிடம் வாங்கியது, சத்தம் இன்னொருவர் இலவசமாகக் கொடுத்தது, இசை மூன்றாவது ஆளுடையதாக இருக்கும்.

இதற்காகவே ஆன்லைனில் பெரிய சந்தைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே 'டவுன்லோட்' பட்டனுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் விட்டதால் வெளியிட்ட கேமையே திரும்பப் பெற வேண்டிய நிலைகூட வரலாம். அந்த வரி என்ன, வாங்குபவரும் விற்பவரும் எதைக் கவனிக்க வேண்டும்? பார்க்கலாம்.

அசெட் அப்படின்னா என்ன?

கேமுக்குள் பார்க்கும், கேட்கும் எல்லாப் பொருளும் அசெட்தான். 2டி படங்கள், 3டி மாடல்கள், சுவர், தரை போன்றவற்றின் மேல்பரப்புப் படமான டெக்ஸ்சர், கதாபாத்திரம் நடக்கும், குதிக்கும் அனிமேஷன், பட்டன்கள், எழுத்துருக்கள், சவுண்ட் எஃபெக்ட், பின்னணி இசை என எல்லாமே இதில் வரும். சேமிப்பு வசதி, எதிரி நகரும் விதம் போன்றவற்றுக்கான ரெடிமேட் கோடும் அசெட்டாக விற்கப்படுகிறது.

வீடு கட்டுகிறவர் செங்கலையும் கதவையும் தானே செய்வதில்லை இல்லையா? அதே கணக்குதான் இங்கேயும்.

பெரிய கேம்களும் இப்படி வாங்குகிறார்களா?

ஆமாம். இத்தாலியைச் சேர்ந்த லூகா கலான்டே உருவாக்கிய 'வேம்பயர் சர்வைவர்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். 2021-ல் ஒரு தனிமனிதரின் பொழுதுபோக்காகத் தொடங்கிய கேம் இது. ஆரம்பத்தில் அதில் இருந்தவை விலைக்கு வாங்கிய பிக்ஸல் படங்கள். அசெட், ஓவியம், இசைக்கு என அவர் செய்த செலவு சுமார் 1,100 பவுண்டு என்று செய்திகள் வந்தன. அந்தக் கேம் 2023-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் 'சிறந்த கேம்' பட்டத்தை வென்றது. போட்டியில் 'எல்டன் ரிங்', 'காட் ஆஃப் வார் ராக்னராக்' போன்ற பிரமாண்ட கேம்களும் இருந்தன.

நம்ம ஊர் இளைஞர்களுக்கு நன்றாகத் தெரிந்த பப்ஜியும் விதிவிலக்கு அல்ல. அதன் கம்ப்யூட்டர் பதிப்பில் ஸ்டோரில் வாங்கிய அசெட்டுகள் இருப்பதாக 2018-ல் விமர்சனம் எழுந்தது. நிறுவனத் தரப்பு அதை மறுக்கவில்லை. சின்ன அணி வேகமாக வேலை செய்ய இது தேவைப்பட்டது என்ற ரீதியில்தான் விளக்கம் வந்தது.

எங்கே தேடலாம்?

யூனிட்டி அசெட் ஸ்டோர்: 2010-ல் தொடங்கப்பட்டது. யூனிட்டி இன்ஜினில் கேம் செய்பவர்கள் முதலில் பார்க்கும் இடம். விற்பனைக்கு வரும் அசெட்டை இந்நிறுவனம் சரிபார்த்த பிறகுதான் பட்டியலில் சேர்க்கிறது.

ஃபேப்: எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் சந்தை. அன்ரியல் இன்ஜின் மார்க்கெட்பிளேஸ், ஸ்கெட்ச்ஃபேப் ஸ்டோர், குவிக்ஸல் மெகாஸ்கேன்ஸ், ஆர்ட்ஸ்டேஷன் மார்க்கெட்பிளேஸ் ஆகியவற்றை ஒரே குடைக்குள் கொண்டுவரும் திட்டத்தோடு 2024 அக்டோபரில் வந்தது.

இட்ச்.ஐஓ: 2013 முதல் இயங்குகிறது. சிறிய அணிகளும் தனிநபர்களும் அதிகம் இருக்கும் இடம். 2டி பிக்ஸல் படங்கள் வேண்டுமென்றால் இங்கே ஒரு ரவுண்டு வந்துவிடலாம். யார் வேண்டுமானாலும் பதிவேற்றலாம் என்பது இதன் பலம், அதுவே பலவீனமும்கூட.

இலவசமாக வேண்டுமா? நெதர்லாந்தின் கென்னி தளத்தில் ஆயிரக்கணக்கான படங்களும் 3டி மாடல்களும் உள்ளன. பாலி ஹேவனில் தரமான டெக்ஸ்சர்கள் கிடைக்கும். ஓப்பன்கேம்ஆர்ட் 2009 முதல் இருக்கிறது. சத்தங்களுக்கு, பார்சிலோனாவின் பொம்பியூ ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005-ல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் இருக்கிறது. 3டி மனித உருவங்களுக்கு நடை, ஓட்டம் கொடுக்க அடோபியின் மிக்ஸாமோ உதவும்.

'இலவசம்'னா என்ன வேணா செய்யலாமா?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இலவசமாகக் கொடுத்தாலும் அதை வரைந்தவருக்கு உரிமை அப்படியேதான் இருக்கும். அவர் எந்த நிபந்தனையோடு கொடுக்கிறார் என்பதைச் சொல்வதுதான் லைசென்ஸ், அதாவது உரிமம். டவுன்லோட் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த சின்ன வரி இதுதான்.

இலவச அசெட்டுகளில் அதிகம் பார்ப்பது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். சுருக்கமாக 'சிசி' என்பார்கள்.

சிசி ஜீரோ: உருவாக்கியவர் தன் உரிமைகளை விட்டுக்கொடுத்துவிட்டார். கேமை விற்கலாம், படத்தை மாற்றலாம், பெயர் போட வேண்டிய கட்டாயம் இல்லை. கென்னி, பாலி ஹேவன் இரண்டும் இந்த வகைதான். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே பாதுகாப்பு.

சிசி பை: விற்கலாம், மாற்றலாம். ஆனால் உருவாக்கியவருக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். அசெட்டின் பெயர், உருவாக்கியவர், எடுத்த இடம், உரிமத்தின் பெயர் ஆகிய 4 விவரங்களை கேமின் 'கிரெடிட்ஸ்' பக்கத்தில் போட்டுவிட்டால் போதும். நீங்கள் ஏதாவது மாற்றியிருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும்.

சிசி பை-எஸ்ஏ: மேலே சொன்னதோடு இன்னொரு நிபந்தனை உண்டு. அந்தப் படத்தை மாற்றி வெளியிட்டால், மாற்றிய படத்தையும் இதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும்.

சிசி பை-என்சி: வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 'நான் கேமை ஃப்ரீயாதானே தர்றேன்' என்று சொல்லலாம். ஆனால் அதில் விளம்பரம் ஓடி காசு வந்தால் அதுவும் வணிகம்தான் என்ற கேள்வி எழும். ஓப்பன்கேம்ஆர்ட் இந்த வகையை ஏற்பதே இல்லை. ஆனால் ஃப்ரீசவுண்டில் இது உண்டு. ஒரே தளத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சத்தங்களுக்கு வேறு வேறு உரிமம் இருக்கலாம் என்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகை நிபந்தனையும் உண்டு. 'பாரகான்' என்ற கேமை 2018-ல் மூடிய எபிக் நிறுவனம், அதற்காக 1.2 கோடி டாலர் செலவில் உருவாக்கிய அசெட்டுகளை இலவசமாகத் திறந்துவிட்டது. கேம் உலகில் அதுவரை அப்படி ஒரு பெரிய கொடை அபூர்வம். ஆனால் ஒரு கண்டிஷன்: அன்ரியல் இன்ஜினில் செய்யும் கேமில்தான் பயன்படுத்த முடியும். யூனிட்டியில் கேம் செய்பவருக்கு அது எட்டாக்கனிதான்.

காசு கொடுத்து வாங்கினா நம்முடையதுதானே?

இல்லை. காசு கொடுத்தாலும் நாம் வாங்குவது பயன்படுத்தும் உரிமையைத்தான். சொந்தக்காரர் விற்றவரேதான். அதே மரத்தை இன்னும் ஆயிரம் பேருக்கு அவர் விற்பார். வாங்கியவர் அதைத் தன் கேமுக்குள் வைத்து விற்கலாம். ஆனால் அந்த ஃபைலை அப்படியே நண்பருக்கு அனுப்புவது, வேறு தளத்தில் விற்பது, டெலிகிராம் குழுவில் பகிர்வது எல்லாம் மீறல்.

விலையிலும் கவனம் தேவை. ஃபேபில் ஒரே அசெட்டுக்கு இரண்டு விலை இருக்கலாம். முந்தைய 12 மாதங்களில் 1 லட்சம் டாலருக்குள் வருமானம் பார்த்தவர்களுக்கு 'பர்சனல்', அதற்கு மேல் பார்த்தவர்களுக்கு 'புரொஃபஷனல்'. யூனிட்டி ஸ்டோரில் எடிட்டர் டூல் வகை அசெட்டுகளுக்கு ஆளுக்கு ஒரு உரிமம் வாங்க வேண்டும். அணியில் 3 பேர் அதைப் பயன்படுத்தினால் 3 உரிமம்.

நிபந்தனை காலத்தோடும் மாறும். ஃபேப் வந்தபோது, 2024 முடிவதற்குள் கணக்கில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு மெகாஸ்கேன்ஸ் தொகுப்பு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் பெரும்பகுதிக்குப் பணம் கட்ட வேண்டும்.

பெரிய ஆபத்து எது?

விற்றவரே திருடி விற்றிருந்தால்! பிரபல கேம் ஒன்றிலிருந்து மாடல்களை உருவி, 'நான் செய்தது, ஃப்ரீ' என்று பதிவேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பி எடுத்தவரிடம் ரசீது இருந்தாலும் பயன் இல்லை. உரிமை இல்லாதவர் கொடுத்த உரிமம் செல்லாது. உண்மையான சொந்தக்காரர் புகார் கொடுத்தால், அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டத்தின் கீழ் ஸ்டோர்கள் கேமை முடக்கலாம். பல மாத உழைப்பு ஒரே மின்னஞ்சலில் நின்றுபோகும்.

இதைத் தவிர்க்க என்ன செய்யலாம்?

* பதிவேற்றியவரின் மற்ற படைப்புகளைப் பாருங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பாணியில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.
* படத்தை கூகுள் இமேஜ் தேடலில் போட்டு, வேறு எங்காவது வேறு பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள்.
* டவுன்லோட் செய்யும் அன்றே உரிமப் பக்கத்தை தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சிசி உரிமத்தில் உண்மையான உரிமையாளர் கொடுத்ததை, நிபந்தனைகளை மீறாத வரை பின்னர் திரும்பப் பெற முடியாது. ஆனால் அன்று அப்படித்தான் கொடுத்தார் என்பதற்கு நம்மிடம் ஆதாரம் வேண்டும்.
* எந்த ஃபைல், எங்கிருந்து, யாருடையது, என்ன உரிமம் என்று ஒரு எக்ஸெல் ஷீட் போடுங்கள். கடைசியில் கிரெடிட்ஸ் எழுதும்போது அதுதான் கைகொடுக்கும்.
* இசை வாங்கும்போது, அது யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிவாகி இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவாகி இருந்தால் உங்கள் கேமை விளையாடி வீடியோ போடுகிறவர்களுக்கு காப்பிரைட் கிளைம் வரும்.

விற்கணும்னா எவ்வளவு கிடைக்கும்?

வரையவோ இசையமைக்கவோ தெரிந்தவர்களுக்கு இது வருமான வழி. ஒரு அசெட்டை 10 டாலருக்கு விற்றால் கைக்கு வருவது எவ்வளவு என்று பாருங்கள்.

யூனிட்டி அசெட் ஸ்டோர்: 7 டாலர் (விற்பவருக்கு 70 சதவீதம்)
ஃபேப்: 8.80 டாலர் (88 சதவீதம்)
இட்ச்.ஐஓ: வழக்கமாக 9 டாலர். தளத்துக்கு எவ்வளவு என்பதை விற்பவரே முடிவு செய்யலாம், பூஜ்ஜியம்கூட வைக்கலாம். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி.

எபிக்கும் முன்பு 30 சதவீதம் எடுத்துக்கொண்டிருந்த நிறுவனம்தான். 'ஃபோர்ட்நைட்' கேம் கொட்டிய பணத்துக்குப் பிறகு, 2018 ஜூலையில் அதை 12 சதவீதமாகக் குறைத்தது. அதோடு நிற்கவில்லை. 2014 முதல் நடந்த விற்பனைக்கும் கணக்குப் போட்டு, பழைய விற்பனையாளர்களுக்கு வித்தியாசத் தொகையைக் கொடுத்தது.

விற்பனையில் ஜெயிக்க சில விஷயங்கள் முக்கியம். ஒரே ஒரு மரத்தை யாரும் தேட மாட்டார்கள். ஒரே பாணியில் மரம், பாறை, புல், வேலி எல்லாம் சேர்ந்த தொகுப்புக்குத்தான் மவுசு. கேமுக்குள் அது எப்படித் தெரியும் என்று காட்டும் படங்கள் வேண்டும். ஃபைல் பெயர்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். இன்ஜினின் புதிய பதிப்பு வந்தால் அப்டேட் கொடுக்க வேண்டும். சின்னத் தொகுப்பு ஒன்றை இலவசமாக விட்டு, பெரிய தொகுப்புக்கு விலை வைப்பதும் பலர் செய்வதுதான்.

இந்தியாவிலிருந்து அமெரிக்கத் தளத்தில் விற்பவர்களிடம் 'டபிள்யூ-8பென்' என்ற வரிப் படிவம் கேட்கப்படும். வரும் பணத்துக்கு இங்கும் வருமான வரிக் கணக்கு காட்ட வேண்டும். தொகை பெரிதாக வந்தால் ஒரு ஆடிட்டரிடம் பேசிவிடுவது நல்லது.

வாங்கி ஒட்டினாலே கேம் ஆகிடுமா?

வாங்கிய டெம்ப்ளேட்டில் பெயரை மட்டும் மாற்றி விற்பதை 'அசெட் ஃப்ளிப்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். 2017-ல் ஒரே குழு வெளியிட்ட 170-க்கும் மேற்பட்ட கேம்களை ஸ்டீம் தளம் ஒரேயடியாகத் தூக்கியது. அவை இந்த ரகம் என்பதுதான் விமர்சனம். 'வேம்பயர் சர்வைவர்ஸ்' படங்களை வாங்கினாலும், விளையாட்டின் யோசனை அதை உருவாக்கியவருடையது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஏஐ மூலம் உருவாக்கிய அசெட்டுகளும் இப்போது வந்துவிட்டன. கேமில் அவை இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் ஸ்டீம் விதி கொண்டுவந்தது. ஃபேபிலும் ஏஐ-யால் செய்த அசெட்டுகளுக்கு அடையாளம் இட வேண்டும். தன் படைப்பை ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விற்பவர் குறிப்பிடவும் அங்கே வழி இருக்கிறது.

முதல் கேம் செய்யப் போகிறவர்கள் சிசி ஜீரோ தொகுப்பு ஒன்றோடு தொடங்கலாம். அப்போதும், டவுன்லோட் பட்டனை அமுக்கும் முன்பு பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு வரியைப் படிக்க அரை நிமிடம் ஒதுக்குங்கள்.