ஒட்டியும் வெட்டியும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 'பாலிசி டிபேட்' என்றொரு விவாதப் போட்டி உண்டு. கல்வியாண்டு முழுவதும் நாடெங்கும் ஒரே தலைப்பு. அணிக்கு இரண்டே பேர். ஒரு சுற்றில் தீர்மானத்தை ஒட்டிப் பேசிய மாணவன், அடுத்த சுற்றில் அதையே வெட்டிப் பேச வேண்டும். "காலையில ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சா? இது என்ன நியாயம்?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்த நாட்டிலேயே பெரும் சர்ச்சையைக் கிளப்பிய கேள்விதான் இது.

போட்டியின் அடிப்படைத் தத்துவம் பழையது. 'மாற்றம் வேண்டும் என்பவன்தான் நிரூபிக்க வேண்டும்' என்று ரிச்சர்ட் வேட்லி என்ற ஆங்கிலேய அறிஞர் 1828-இல் எழுதினார். ஆகவே, ஒட்டிப் பேசுவோர் மூன்றைக் காட்டியாக வேண்டும்: குறை இருக்கிறது, இன்றைய ஏற்பாட்டால் அது தீராது, எங்கள் திட்டத்தால் தீரும். வெட்டிப் பேசுவோர் சும்மா மறுத்தால் போதாது. 'உங்கள் திட்டம் தலைப்புக்குள்ளேயே வரவில்லை', 'அதனால் பெரிய கேடு விளையும்', 'இதைவிட நல்ல மாற்றுத் திட்டம் இதோ' என்று பல வியூகங்கள் வகுப்பார்கள். இரு பக்கமும் பேசிப் பழகியவனுக்குத்தான் தன் வாதத்தில் எங்கே ஓட்டை என்று தெரியும்.

கல்லூரிப் போட்டிகளிலும் இதே வழக்கம்தான். 1954-இல் கல்லூரிகளுக்கான தலைப்பு, 'கம்யூனிஸ்ட் சீனாவை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டும்' என்பது. செனட்டர் மெக்கார்த்தியின் காலம் அது. கம்யூனிஸ்ட் என்ற பேரைச் சொன்னாலே சந்தேகப் பார்வை! வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியும் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியும் தம் மாணவர்கள் இந்தத் தலைப்பில் வாதிடக் கூடாது என்று தடுத்துவிட்டன. 1947 முதல் தேசிய விவாதப் போட்டியை நடத்தி வந்ததே வெஸ்ட் பாயிண்ட்தான் என்பது வேடிக்கை.

நம்பாததைப் பேசுவது அறமா என்று 1957-இல் ரிச்சர்ட் மர்ஃபி என்ற பேராசிரியர் கட்டுரை எழுதினார். மேடைப் பேச்சு, பேசுபவனின் உண்மையான கருத்தாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 'இது பயிற்சி, எதிர்த்தரப்பை உள்ளிருந்து புரிந்துகொள்ளும் வழி' என்றார்கள் மறுத்தவர்கள். வழக்கம் நிலைத்தது. பேசவே கூடாது என்று தடுக்கப்பட்ட அந்தத் தலைப்பு என்ன ஆயிற்று? 1979 ஜனவரி 1-இல் அமெரிக்க அரசே சீனாவை அங்கீகரித்தது!

வியூகங்கள் பெருகப் பெருக வேறொரு வினை வந்தது. குறித்த நிமிடங்களுக்குள் எத்தனை வாதம் அடுக்கலாம் என்று பார்த்து, மூச்சுவிடாமல் படபடவென்று பேசத் தொடங்கினார்கள். பழகாதவருக்கு ஒன்றும் புரியாது. 1925-இல் தொடங்கிய தேசியப் பள்ளி விவாத அமைப்பு இதற்கு மாற்றாக, 1980-இல் அறநெறிக் கேள்விகளை வாதிடும் 'லிங்கன்-டக்ளஸ்' முறையையும், 2002-இல் சாதாரணக் குடிமகனும் தீர்ப்புச் சொல்லக்கூடிய இன்னொரு முறையையும் கொண்டுவந்தது. கேட்பவருக்குப் புரியாத வாதம் என்னதான் வலுவாக இருந்தாலும் வீண்தானே?

மர்ஃபியின் கேள்வியை நான் ஒதுக்கிவிடவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் நீ எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்டால், பதில் இருக்க வேண்டும். ஆனால் எதிராளியின் வாதத்தை அவனே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லத் தெரியாதவன், தன் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தான் என்று எப்படிச் சொல்வது? நம் கல்லூரியின் இன்றைய மாணவத் தம்பி தங்கைகள் அடுத்த முறை விவாத மேடை ஏறும்போது, பிடிக்காத பக்கத்தையும் ஒருமுறை கேட்டு வாங்கிப் பேசிப் பாருங்களேன்!